மஞ்சள் கோட்டுக்கு வெளியே

காஜிமார் தெருவுக்குள் வந்து நூருல் அமீன் வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மற்ற வீட்டு மொட்டைமாடிகளில் துணி காயும். அந்த வீட்டு மாடியில் மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும் காய்வார்கள். கழுவி எடுத்த கல்யாண போட்டோக்களைக் கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பாள் அவர் மனைவி சைனப். காற்று அடித்தால் ஒரு வீட்டு மாப்பிள்ளை திரும்பி இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதும் நடக்கும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அமீன் பாய் வீட்ல இந்த வாரம் கல்யாணக் கூட்டம் ஜாஸ்தி" என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

படம் எடுப்பது அவர் வேலை. கழுவுவது அவள் வேலை. கல்யாணமான புதிதிலேயே அப்படிப் பிரிந்துவிட்டது. படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை நூருல் அமீனுக்கு ஆகாது. இருட்டறைக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே இளைப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "நீங்க வெளிய வாங்க, என்ன செய்யணும்னு அங்க இருந்தே சொல்லுங்க" என்று ஒரு நாள் உள்ளே போனவள்தான் சைனப். அதற்குப் பிறகு அடுப்படிக்குப் பின்னால் இருந்த அந்த விறகு அறை அவளுடையதாகிவிட்டது. ஜன்னலில் கறுப்புத் துணி, மூலையில் சிவப்பு பல்பு, மூன்று பீங்கான் தட்டு. அடுப்பில் ஆணம் கொதித்து இறங்குவதற்குள் நாலைந்து பிரிண்ட் போட்டுவிடுவாள். அவள் கையில் ஒரு நேரம் மல்லிப்பொடி வாடை அடிக்கும், ஒரு நேரம் மருந்து வாடை அடிக்கும். ஒரே மகளைக் கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் பேச்சுத்துணைக்கு அந்தத் தட்டுகளில் மெல்ல மெல்ல எழுந்து வருகிற முகங்கள்தான்.

ஆனால் கேமராவை அவள் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று அவர் சொன்னதும் கிடையாது. அது எந்நேரமும் அவர் கழுத்தில் கிடந்தது, அவ்வளவுதான்.

பினாங்கில் கடை வைத்திருந்த மாமா கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் கேமரா அது. அந்தக் காலத்தில் மதுரையில் மற்ற போட்டோக்காரர்கள் வைத்திருந்தது, வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. இது கண்ணில் வைத்துப் பார்ப்பது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். ஆனால் தூக்கினால் படிக்கல் மாதிரிக் கனக்கும். வெள்ளிப்பூண் போட்ட உடம்பு, முன்னால் ஒற்றைக் கண் மாதிரி லென்ஸ். பார்க்கிற கண்ணாடி தனி, படம் எடுக்கிற கண்ணாடி தனி. அதனால் ஒரு வில்லங்கமும் உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் பார்க்கிற கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும். கைக்கு வந்த வருசம் ஒரு நிக்காஹ் முழுவதையும் மூடியோடு எடுத்துவிட்டு வந்தார் நூருல் அமீன். சைனப் கழுவிப் பார்த்தால் ரோல் தண்ணி மாதிரி வெறுமையாக இருந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, எல்லோரையும் திரும்ப உடுத்தச் சொல்லி, ஆறிப்போன பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கிணற்றில் வீசினார். அன்றிலிருந்து அந்த லென்சுக்கு அவருடைய கைக்குட்டைதான் மூடி.

எழுபத்தெட்டாம் வருசத்துப் பொங்கலுக்கு, வழக்கம்போல அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போனார். விருமாண்டி என்கிற அந்த ஊர்ச் சம்சாரி, தன் மயிலைக்காளையைப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். வாடிவாசலுக்குப் பக்கத்தில் மூங்கில் தடுப்பை ஒட்டி நூருல் அமீன் நின்றுகொண்டார். மயிலை வந்தது. மனிதத் தலைகளுக்கு மேலே எழும்பியது. அவர் அமுக்கினார். அடுத்த படத்துக்கு நெம்புகோலைத் தள்ளுவதற்காகக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிய அந்த நொடி, காளை திரும்பித் தடுப்பை ஒரு குத்துக் குத்தியது. மூங்கில் தெறித்து ஒரு சிலாம்பு அவருடைய வலது கண்ணில் இறங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். உயிருக்கும் முகத்துக்கும் குறை இல்லை. கண் போனது போனதுதான். இடது கண்ணில் சின்ன வயதில் அம்மை போட்டுப் பூ விழுந்திருந்தது. அதில் பார்த்தால் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆள் தெரியும், ஆளின் மூக்கும் வாயும் தெரியாது. அந்தக் கண்ணை இத்தனை வருசம் அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. இனி அதுதான் கண்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முற்றத்தில் உட்கார்ந்து கேமராவை அந்த இடது கண்ணில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் மட்டும் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு குடத்துக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னொரு குடம். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த ஆவிக் குடம் நகர்ந்து வந்து நிஜக் குடத்தின் மேல் உட்காரும். இரண்டும் ஒன்றானால் தூரம் சரி என்று அர்த்தம். நூருல் அமீன் வளையத்தை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினார். பிறகு கேமராவைக் கழற்றித் துணிக்குள் சுற்றி அவளிடம் நீட்டினார்.

"உங்க அண்ணன்கிட்ட குடுத்துரு. பக்கீர் மச்சானுக்கு நாலு பேரைத் தெரியும். யாராச்சும் நல்லா வச்சுக்கிறவனாப் பாத்துக் குடுக்கட்டும்."

"குடுக்கலாம், என்ன அவசரம்."

"ஒண்ணு ஒண்ணா ஆக மாட்டேங்குது சைனப். அம்புட்டும் ரெண்டாவே நிக்குது. ரெண்டாக்கூட இல்லை. என்னமோ நிக்குது, அம்புட்டுத்தான்."

அவள் அதை வாங்கி அரிசிப் பானைக்கு மேல் பரணில் வைத்தாள். அண்ணன் பக்கீர் முகமது வந்து கேட்டபோது, "இன்னும் ரோல் உள்ள கெடக்கு, கழுவிட்டுத் தாரேன்" என்றாள். பொய்யில்லை. அவனியாபுரத்து ரோல் பாதியில் அப்படியே உள்ளே இருந்தது.

அந்த ரோலை அவள் கழுவியது மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில். அவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பெரிய தாளில் ஒரே ஒரு படம் போட்டாள். தட்டில் தாளை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். முதலில் கறுப்பாகக் கொம்பு இரண்டு வந்தது. பிறகு கூட்டத்தின் வாய்கள். பிறகு திமில், விடைத்த வால். நாலு காலில் ஒன்றுகூடத் தரையில் இல்லாமல், மயிலைக்காளை புழுதிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அவள் எத்தனையோ ஆயிரம் படம் கழுவியிருக்கிறாள். இப்படி ஒன்று அந்தத் தட்டில் எழுந்து வந்ததில்லை. கண்ணைக் கொண்டுபோன மாடு என்று அதன்மேல் வெறுப்பு வர வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

அவர் வந்ததும் படத்தைக் கையில் கொடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இடது கண்ணுக்கு ஒட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு எடுத்ததா?"

"ஆமா."

"கொம்பு நுனி எப்பிடி இருக்கு? அலையுதா, கூரா நிக்குதா?"

"கூரா நிக்குது. மூக்குல தொங்குற எச்சி நூலு மாதிரித் தெரியுது."

ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப வேகத்தை இருநூத்தம்பதுல வச்சதே போதும். ஐநூறு வைக்கணுமோன்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் பரணிலிருந்து கேமராவை இறக்கும் தைரியம் அவளுக்கு வந்தது. ரோல் இல்லாத வெறும் கேமரா. அவர் தொழுகைக்குப் போகிற நேரங்களில் மாடிக்கு எடுத்துப் போவாள். முதல் நாள் அந்த மஞ்சள் கட்டமே அவள் கண்ணுக்கு அகப்படவில்லை. அகப்பட்ட பிறகு விட மனசில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணித்தொட்டி, கைப்பிடிச்சுவரில் காக்கா, பள்ளிவாசல் மினாரா என்று எதைப் பார்த்தாலும் அதன் ஆவியைப் பிடித்து இழுத்து வந்து ஒட்ட வைத்தாள். ஒட்டுகிற அந்த இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உட்காருகிற மாதிரி இருந்தது. இருட்டறையில் இத்தனை வருசமாக அவர் பார்த்து முடித்ததைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நடக்கும்போதே தானே பார்த்தாள்.

ஒரு நாள் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். மாடிப்படியில் கால் வைத்தவர் நின்றார்.

"யாரது?"

கேமரா முந்தானைக்குள் போய்விட்டது.

"சத்தம் கேட்டுச்சே." அவர் படியைத் தடவிக்கொண்டே ஏறி வந்தார். அந்தக் கேமராவின் சத்தம் பெரிய சத்தம் அல்ல. பல்லி நாக்குத் தட்டுகிற சத்தம்தான். தூங்குகிற பிள்ளைகூடப் புரளாது. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கிறது. "வேகத்தை முப்பதுல வச்சிருக்க. வெயில்ல நின்னுக்கிட்டு முப்பதுல வச்சா அம்புட்டும் வெந்து போகும்."

"வெறும் கேமராதான். சும்மா பாத்தேன்."

"எத்தினி நாளா?"

"மாசி பொறந்ததுல இருந்து."

அவர் கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டார். கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. வாயைத் திறந்தவர் வேறு எதையோ கேட்டார்.

"ஒண்ணா ஆகுதா?"

"ஆகுது."

"தூரத்துல இருக்குறதும்?"

"தூரத்துல இருக்குறது லேசா ஆகிருது. கிட்டத்துலதான் சண்டை பிடிக்குது."

"அதுதான், அது அப்பிடித்தான்" என்றார் நூருல் அமீன். படியைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினார். ஆனால் அன்றிலிருந்து கேமரா பரணுக்குப் போகவில்லை. கூடத்து ஆணியில் தொங்கியது.

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில் விருமாண்டியும் அவர் மனைவி அழகம்மாளும் வந்தார்கள். விருமாண்டி தலையில் புது நெல்லரிசிச் சாக்கு, அழகம்மாள் இடுப்பில் பூசணிக்காய். ஆஸ்பத்திரிக்கு விருமாண்டி ஒரு நாள் விடாமல் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். உள்ளே வர மட்டும் மாட்டார். இன்றைக்கும் வாசல்படியிலேயே உட்காரப் போனார்.

"உள்ள வாங்கண்ணே. அரிசி எல்லாம் எதுக்குத் தூக்கிட்டு அலையுறீங்க" என்று நூருல் அமீன் குரலைப் பிடித்துக் கூப்பிட்டார்.

"இருக்கட்டும் பாய். ஒரு சமாச்சாரம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." விருமாண்டி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மாட்டைத் தள்ளிவிட்றலாம்னு இருக்கேன். அடிமாட்டு ஏவாரிகிட்ட சொல்லியாச்சு."

"யாரு, மயிலையவா?"

"ஊர்ல வாய் ஓய மாட்டேங்குது பாய். கண்ணைப் பறிச்ச மாட்டைக் கொட்டத்துல கட்டி வச்சிருக்கான், குடும்பம் வெளங்குமாங்கிறாய்ங்க. சின்ன மழைக்குச் செவரு விழுந்துச்சு, மாட்டால. இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அதுக்கும் மாடுதான். எனக்கும் ராத்திரி படுத்தா ஒங்க மொகம்தான் வருது. நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா பத்திவிட்டுருவேன்."

அழகம்மாள் இந்தப் பேச்சு எதையும் கேட்காத மாதிரி கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சைனப் போட்ட படம் மாட்டியிருந்தது. கிட்டத்தில் போய்க் கொம்பை விரலால் தொட்டாள்.

"கன்னுக்குட்டியில தாய் செத்துப்போச்சு தாயி" என்று சைனப் பக்கம் திரும்பிச் சொன்னாள். "சங்கடையில பால் ஊத்தி வளத்தேன். மாட்டுக்காரரு இந்தாளுதான், ஆனா அது என் சேலை வாசத்துக்குத்தான் நிக்கும். இது பறக்குற படம். அது போறதுக்கு முந்தி எனக்கு நிக்கிற படம் ஒண்ணு வேணும்."

நூருல் அமீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி ஆணியிலிருந்து கேமராவை எடுத்தார்.

"அண்ணே, இதைக் கண்ணுல வச்சுப் பாருங்க."

விருமாண்டி பயந்துகொண்டே வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"வாசல் தெரியுது. எதுத்த வீட்டு ஆடு தெரியுது. நடுவுல சின்னக் கட்டம், ஓரமா நாலு பக்கமும் மஞ்சளாக் கோடு கிழிச்சிருக்கு."

"கோட்டுக்கு உள்ள இருக்குறதுதான் படத்துல விழும். கோட்டுக்கு வெளிய என்ன இருக்கு?"

"வெளியயும் தெரியுது பாய். ஒரு பொம்பளை வாளியோட வருது."

"அதான் இந்தக் கேமராவோட சூட்சுமம். மத்த கேமராவுல படத்துல விழுறது மட்டும்தான் தெரியும். இதுல வரப்போறதும் தெரியும். அன்னைக்கு உங்க மயிலை கோட்டுக்கு வெளிய வரும்போதே நான் பாத்துட்டேன். எங்கிட்டுத் திரும்பும்னும் தெரிஞ்சுச்சு. நான் நகந்திருக்கலாம். கோட்டுக்குள்ள வரட்டும்னு நின்னேன். வந்துச்சு, எடுத்தேன். இதுல மாடு என்னா பண்ணும்? கோட்டுக்கு உள்ள நின்னுக்கன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

விருமாண்டி கேமராவை இறக்காமலே வைத்திருந்தார். கண் கலங்கியதை மறைக்க அது வசதியாக இருந்தது.

"நீங்க சொல்றது எனக்கு வெளங்குது. ஊருக்கு யாரு சொல்றது?" என்றார். "நீங்க ஒரு எட்டு வந்து, அது மேல ஒரு கை வச்சிட்டீகன்னா வாய் அடங்கிரும். கண்ணைக் குடுத்த மனுசனே தொட்டுட்டாருன்னா அதுக்கு மேல எவன் பேசுவான்?"

சைனப் நூருல் அமீனைப் பார்த்தாள். தெருவில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டாலே அவர் சுவரோரம் ஒதுங்கி நிற்பது அவளுக்குத் தெரியும்.

"வாரேன்" என்றார் அவர். "ஆனா படம் என்னால ஆகாது."

"படத்தை நான் எடுக்குறேன்" என்றாள் சைனப்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். முதலில் பேசியது அழகம்மாள்தான். "அதுதான் நல்லது. அது ஆம்பளைகளைக் கண்டாத்தான் மூக்கைப் புடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் டவுன் பஸ் ஏறினார்கள். பழைய காலத்து ஆட்கள் மாதிரி அவள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். அதற்குள் கேமரா கழுத்தில் தொங்கியது. கிளம்பும்போது ரோல் மாட்டிக் கொடுத்தது அவர்தான். "காளைக்கு ஒரு ரோல் தாராளம். பதறாம எடு" என்றார். வில்லாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கத்தரித் தோட்டம், கிணற்று மேட்டில் கமலைத் தடம், வெயிலில் கானல். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாடையை வைத்து எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விருமாண்டி வீட்டுக் கொட்டத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஆண்கள் கல்லுக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வைக்கோல்போர் ஓரமாக நின்றார்கள். அழகம்மாள் மோரும் அவித்த சீனிக்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த மயிலை, படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அதன் மூச்சு சைனப்புக்குக் கேட்டது.

"வெயில் எங்கிட்டு இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"உங்க முதுகுக்கு. மாடு நிழல்ல நிக்குது."

"அப்ப லென்சை அஞ்சு புள்ளி ஆறுக்குத் தொற. வேகம் நூத்திருபத்தஞ்சு வையி. பளபளன்னு வெயில் விழுற எடத்தைக் கோட்டுக்குள்ள விடாத."

அவள் வைத்தாள். அழகம்மாள் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டோரம் நின்றாள். நூருல் அமீனை விருமாண்டி தோளைப் பிடித்துக் கூட்டிவந்து மாட்டுக்கும் கொட்டத்துச் சுவருக்கும் நடுவில் நிறுத்திவிட்டு விலகினார். அவர் கையை நீட்டி மெல்ல மாட்டின் விலாவில் வைத்தார். தோல் சிலிர்த்தது. நின்றது.

சைனப் கண்ணில் வைத்தாள். மஞ்சள் கட்டத்துக்குள் அவர் கை இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினாள். ஆவிக் கை நகர்ந்து வந்து நிஜக் கையின் மேல் உட்கார்ந்தது. கோட்டுக்குள் எல்லாம் இருந்தது. அழகம்மாள், காளையின் தலை, திமில், அவர் முகம். அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தெற்கே இருந்து சத்தம் வந்தது. பக்கத்து விமான நிலையத்திலிருந்து கிளம்புகிற ஏரோப்ளேன். அந்த ஊருக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் அன்றைக்குக் காற்று மாறி அடித்ததோ என்னவோ, தலைக்கு மேல் மரத்தைத் தொடுகிற மாதிரி வந்தது. கோட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. காளையின் முகம் அப்படியே இருந்தது. கோட்டுக்கு வெளியே, கண்ணாடியின் ஓரத்தில், அதன் பின்னங்கால் மண்ணைக் கிளறி ஊன்றுவதை சைனப் பார்த்தாள். வால் தூக்கிக்கொண்டது. இடுப்பு சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது. சுவருக்கு முன்னால் அவர் நின்றார்.

இப்போது அமுக்கினால் படம் கிடைக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே கேமராவைக் கைவிட்டாள். அது கழுத்துவாரில் தொங்கி நெஞ்சில் இடித்தது. இரண்டு எட்டில் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். காளையின் முழு உடம்பும் அவர் நின்ற இடத்துச் சுவரில் போய் அடித்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஏரோப்ளேன் போய்விட்டது. அழகம்மாள் கயிற்றை விடாமல் பிடித்து மாட்டின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லுக்கட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. "சொன்னம்ல. இன்னைக்கு ஆளையே காவு வாங்கியிருக்கும்." இன்னொருவர், "இனி என்ன பேச்சு, பத்திவிடுங்கப்பா" என்றார். விருமாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நூருல் அமீன் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவர் நெஞ்சுக்குள் இளைப்பு விசிலடித்தது. சைனப் அவர் முதுகைத் தடவினாள்.

"போயிரலாங்க" என்றாள் காதருகில்.

"படம் எடுத்தியா?"

"இல்லை."

"ஏன்?"

"கோட்டுக்கு வெளிய பாத்தேன்."

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். அதையே ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"எங்க நிக்குது அது?"

"வேணாங்க."

"எங்க நிக்குதுன்னு சொல்லு. சுவர்ப்பக்கம் போக மாட்டேன். தலைப்பக்கமா போறேன்."

அவள் சொன்னாள். "நேரா நாலு எட்டு. கொஞ்சம் எடப்பக்கம்." அவர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். கல்லுக்கட்டில் பேச்சு அடங்கிவிட்டது. காளை தலையைத் தாழ்த்தி அவர் வருவதைப் பார்த்தது. மூக்கு விடைத்தது. அவர் நின்று, உள்ளங்கையை விரித்து அதன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். அது மோந்தது. சீனிக்கிழங்கு வாசம் இருந்திருக்க வேண்டும். சொரசொரத்த நாக்கால் ஒரு தடவை நக்கியது. அவர் கை மெல்ல மேலே போய், இரண்டு கொம்புக்கும் நடுவில், நெற்றிச் சுழியில் உட்கார்ந்தது.

"ஏரோப்ளேனுக்கு நானும்தாண்டா பயந்தேன்" என்று அதனிடம் சொன்னார்.

சைனப் ஏற்கெனவே கண்ணில் வைத்திருந்தாள். ஆவி வந்து ஒட்டியது. கோட்டுக்கு உள்ளேயும் பார்த்தாள், வெளியேயும் பார்த்தாள். பின்னங்கால் தளர்ந்து நின்றது. வால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பல்லி நாக்குத் தட்டியது. காளையின் காதுகூட அசையவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது. தலையை லேசாக ஆட்டினார்.

விருமாண்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கல்லுக்கட்டுப் பக்கம் திரும்பி, "பாத்தாச்சுல்ல? எல்லாரும் போயி அவங்கவங்க சோலியைப் பாருங்க" என்றார். பிறகு மனைவியிடம், "ஏவாரி வந்தா நான் கொல்லையில இருக்கேன்னு சொல்லாத. விக்கிறதுக்கு மாடு இல்லைன்னு சொல்லிரு" என்றார். அழகம்மாள் காளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். சைனப் அதையும் எடுத்தாள். அழகம்மாள் கேட்ட நிற்கிற படத்தையும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வைக்கோல்போர் ஓரத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, "அக்கா, என்னைய ஒண்ணு புடிக்கிறியா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. களை எடுத்த சேற்றுக் காலோடு ஒருத்தி. கைப்பிள்ளையோடு ஒருத்தி. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூ வைத்துக்கொண்டு ஒருத்தி. ஆண் போட்டோக்காரன் முன்னால் அவர்களில் யாரும் இப்படி நின்றவர்கள் இல்லை. சைனப் முன்னால் சிரித்தார்கள், இடுப்பில் கைவைத்தார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். அவர் கல்லுக்கட்டில் உட்கார்ந்து, வெயில் இறங்க இறங்க, "இப்ப நாலுக்குத் தொற", "இப்ப அறுபதுக்கு வா" என்று முதுகில் விழுகிற சூட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அவள் அவர் சொல்வதற்கு முன்னாலேயே வளையத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்தவள் ஜெயக்கொடி. பக்கத்துத் தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்கிறவள்.

"என் கல்யாணத்துக்கு ஒரு போட்டோ எடுத்தாய்ங்கக்கா" என்றாள். "நிமிரு நிமிருன்னான் அந்த ஆளு. நான் வெக்கத்துல குனிஞ்சே நின்னுட்டேன். படத்துல வகிடு மட்டும்தான் இருக்கு. என் மகன் அதைக் காட்டி, இது யாரும்மாங்கிறான்."

"இப்ப நிமிந்து நில்லு" என்றாள் சைனப்.

ஜெயக்கொடி நிமிர்ந்து நின்றாள். நல்ல முகம். சைனப் நெம்புகோலைத் தள்ளினாள். அது பாதியில் நின்றுகொண்டது. இன்னொரு தடவை தள்ளினாள். நகரவில்லை.

"ரோல் முடிஞ்சுபோச்சு தாயி. நாளைக்கு வாரேன்."

ஜெயக்கொடி, இது தெரிந்ததுதானே என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

நூருல் அமீன் கல்லுக்கட்டிலிருந்து இறங்கி வந்தார். ஜிப்பாவின் உள்பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து சைனப் பக்கம் நீட்டினார். புது ரோல்.

"ஒண்ணு போதும்னுல்ல சொன்னீங்க" என்றாள் சைனப்.

"காளைக்கு ஒண்ணு போதும்னு சொன்னேன்" என்றார் அவர்.

அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பட்டியை இரண்டு கையாலும் விரித்து நிழல் பிடித்தாள். அந்த நிழலுக்குள் அவர் முடிந்த ரோலைத் திரும்பச் சுற்றிவிட்டு, கேமராவின் முதுகைத் திறந்து, விரலாலேயே பார்த்து, ரோலை மாட்டத் தொடங்கினார்.